நிரல்துண்டுகள் ஓடும் எழுத்துக் கோப்பு: எந்த வசதி முதலில், எது பிறகு

ஒரே கோப்பில் கட்டுரை, அட்டவணை, ஷெல் கட்டளை, பைத்தான் கணக்கு, ஆர் மொழியில் வரைந்த படம் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு துண்டின் மேல் கர்சரை வைத்து விசையை அழுத்தினால் அது ஓடி, விடை அதன் கீழேயே எழுத்தாக வந்து உட்கார வேண்டும். இப்படி ஒரு கருவியைக் கட்டக் கிளம்புகிறவர்கள் போடும் வசதிப் பட்டியலில் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை மொழிகளை ஓட்டும்? அந்த வரியைப் பட்டியலின் கடைசிக்கு இறக்குங்கள் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போவது.

காரணம் எளிது. ஒரு மொழியை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் விடை கோப்பில் எந்த வடிவில் எழுதப்படும், ஒரு துண்டின் மதிப்பு இன்னொன்றுக்கு எப்படிப் போகும் என்பவற்றை ஒருமுறை வெளியிட்டுவிட்டால் பின்வாங்க வழியில்லை. அதற்குள் பலர் அந்த வடிவத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியிருப்பார்கள். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு வசதியையும் ஒரு கேள்வி கேட்டுச் சலிக்கலாம். இந்தக் கருவி இல்லாத கணினியில், சாதாரண எடிட்டரில் கோப்பைத் திறப்பவருக்கு இந்த விடை எப்படி வந்தது என்று புரியுமா? புரியும் என்றால் அந்த வசதி முன்னால் வரட்டும். புரியாது என்றால் காத்திருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக ஈமாக்ஸ் எடிட்டரின் ஆர்க் மோடுக்குள் இருக்கும் பேபலை எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துறையில் நீண்ட காலம் பயன்பட்டு, தன் முடிவுகளின் நல்லது கெட்டது இரண்டையும் வெளிப்படையாகக் காட்டும் கருவி அது.

ஆர்க் மோடை 2003-இல் தொடங்கியவர் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக். குறிப்பெடுப்பதற்கும் வேலைகளைத் திட்டமிடுவதற்கும் அவருக்கு ஒரு எழுத்துக் கோப்பு வடிவம் தேவைப்பட்டது. அதன்மேல் எரிக் ஷுல்டேயும் டேன் டேவிசனும் 2009 வாக்கில் பேபலைக் கட்டினார்கள். 2010-இல் வந்த 7.0 பதிப்பில் அது ஆர்க்கின் பகுதியானது. டொமினிக்கும் தொல்லியலாளர் தாமஸ் டையும் சேர்ந்துகொள்ள, நால்வரும் எழுதிய கட்டுரை 2012-இல் புள்ளியியல் மென்பொருளுக்கான ஓர் ஆய்விதழில் வெளியானது.

விளக்கத்தையும் நிரலையும் ஒரே கோப்பில் எழுதும் எண்ணம் இதற்கெல்லாம் முந்தியது. டொனால்ட் கனூத் 1984-இல் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். ஆனால் அவருடைய வெப் கருவி பாஸ்கல் மொழியோடு கட்டுண்டது. நார்மன் ராம்சேயின் நோவெப் எந்த மொழியையும் ஏற்றுக்கொண்டது. நிரலை ஓட்டி விடையைக் கொண்டுவரும் வேலை அதற்கு இல்லை. 2002-இல் வந்த ஸ்வீவ் ஓட்டியது, ஆனால் ஆர் மொழியை மட்டும். ஒரு மொழியில் பிறந்த மதிப்பை இன்னொரு மொழிக்குக் கைமாற்றுவதைத் தன் மையமாக வைத்துக்கொண்டதுதான் பேபலின் தனித்தன்மை.

விடை எங்கே முடிகிறது?

முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான். பலர் இதை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை.

துண்டை முதல்முறை ஓட்டும்போது விடையை அதன் கீழே எழுதிவிடலாம். இரண்டாம் முறை ஓட்டும்போது பழைய விடையை நீக்கிவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். பழைய விடை எந்த வரியில் தொடங்குகிறது என்பது தெரியும். பேபல் அதற்கு மேலே ஒரு அடையாள வரி போடுகிறது. எந்த வரியில் முடிகிறது? அடுத்த வரியில் ஆசிரியர் தன் கையால் எழுதிய பத்தி இருக்கலாம். அதைக் கருவி விழுங்கிவிட்டால் அந்தக் கருவியை அவர் மறுபடி தொடமாட்டார்.

பேபல் இதற்குச் சில வழிகளைக் கையாள்கிறது. சிறிய விடை என்றால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு முக்காற்புள்ளி. அந்தப் புள்ளி இல்லாத வரி வந்தால் விடை முடிந்தது என்று பொருள். விடை நீண்டால் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலிக்குள் போடும். எந்த அளவுக்கு மேல் வேலி என்பதை அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். இயல்பாக 10 வரி. அட்டவணை என்றால் அதன் செங்குத்துக் கோடுகளே எல்லை. இன்னொரு வகையும் உண்டு: விடையை எந்த அடையாளமும் சேர்க்காமல் அப்படியே கொட்டுவது. அப்படிக் கொட்டியதன் முடிவு எது என்று கருவிக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பழையது நிற்க, புதியது மேலே சேரும். புதிதாக வருபவர்களில் பலர் தடுமாறும் இடம் இது. எல்லை இல்லாத விடை வகையே வேண்டாம் என்று உங்கள் வடிவத்தில் முதல் நாளே விதித்துவிடுவது நல்லது. அப்படியே கொட்ட வேண்டிய தேவை வந்தால் அதையும் ஒரு வேலிக்குள் கொட்டுங்கள்.

இதன் மறுபக்கம், நிரலுக்குள்ளேயே உங்கள் வேலியின் எழுத்துகள் வந்துவிடுவது. ஆர்க்கில் வரியின் முதல் எழுத்து நட்சத்திரமாக இருந்து, அடுத்து இடைவெளி வந்தால் அது தலைப்பு. நிரலில் ஒரு வரி அப்படித் தொடங்கினால் ஆவணம் அங்கேயே இரண்டாகப் பிளந்துவிடும். ஆர்க் அப்படிப்பட்ட வரிகளின் முன்னால் ஒரு காற்புள்ளியைச் சேர்த்துவைத்து, ஓட்டும்போது எடுத்துவிடுகிறது. பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் இந்தத் தப்பிப்பு விதி இல்லாத வடிவம், தன்னைப் பற்றி எழுதிய ஆவணத்தைத் தானே திறக்க முடியாமல் நிற்கும்.

மதிப்பா, வெளியீடா?

ஒரு துண்டு ஓடி முடிந்ததும் அதிலிருந்து இரண்டு விஷயங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நிரல் திரையில் அச்சடித்ததெல்லாம் வெளியீடு. கடைசியாக அது கணக்கிட்ட பொருள் மதிப்பு. மனிதன் படிக்க வெளியீடு போதும். அடுத்த துண்டுக்குக் கொடுக்க மதிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கும் கருவி, பிறகு சேர்க்கும் எல்லா வசதியிலும் குழம்பும். பேபல் தொடக்கத்திலேயே இரண்டையும் பிரித்து, எது வேண்டும் என்பதைத் துண்டின் தலைவரியில் எழுத வைத்தது சரியான முடிவு.

செயல்படுத்திய விதத்தில் மட்டும் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. செஷன் (துண்டுகளுக்கிடையே மாறிகளை உயிரோடு வைத்திருக்கும் ஓட்டம்) இல்லாமல் பைத்தான் துண்டின் மதிப்பைக் கேட்டால், பேபல் அந்தத் துண்டு முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு ஓட்டும். ஆகவே மதிப்பு திரும்ப வர, கடைசியில் ‘ரிட்டர்ன்’ எழுத வேண்டும். அதே துண்டுக்குச் செஷன் சேர்த்தால் ஃபங்ஷன் கிடையாது. கடைசிக் கோவையின் மதிப்பே விடை. நேற்று வரை சரியாக ஓடிய ‘ரிட்டர்ன்’ வரி இன்று பிழை என்று நிற்கும். தலைவரியில் ஒரு சொல் கூடியதற்காக நிரலின் உடம்பை மாற்ற வேண்டியிருக்கிறது. உங்கள் திட்டத்தில் இதை ஒரு விதியாக எழுதிவையுங்கள்: தலைவரி மாறலாம், அதனால் நிரலைத் திருத்த நேரக் கூடாது.

மொழி விட்டு மொழி

பல மொழிக் கருவியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. திட்டமிடும் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்கினாலும் தகும்.

பேபல் வகுத்த பொதுச் செலாவணி மிகச் சிறியது: எண், எழுத்துச்சரம், அட்டவணை. பைத்தானின் அகராதியோ ஆர் மொழியின் மாடலோ நேரடியாகக் கைமாறாது. குறை போலத் தோன்றினாலும், இந்த மூன்றையும் கோப்பில் எழுத்தாகவே வைக்க முடியும் என்பதுதான் இதன் பலம். ஷெல் தந்த அட்டவணையைக் கண்ணால் பார்த்து, கையால் ஒரு வரிசையைத் திருத்தி, பைத்தானுக்குக் கொடுக்கலாம். இடையில் எதுவும் மறைந்திருப்பதில்லை.

மதிப்பு கைமாறும் முறையும் எளிது. பெறும் துண்டின் தலையில், அந்த மொழியின் இலக்கணத்திலேயே ஒரு மாறிக்கு மதிப்பு தரும் வரியைக் கருவி எழுதிச் சேர்த்து ஓட்டுகிறது. பெரும் பிழைகள் புகுவதும் இந்த ஒரு வரியில்தான்.

ஊர்களின் தொலைபேசிக் குறியீட்டு அட்டவணை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு எதிரே 044, மதுரைக்கு எதிரே 0452. சென்னையின் கட்டத்தைக் கருவி எண் என்று நினைத்து, மேற்கோள்குறி இல்லாமல் அப்படியே எழுதிவிட்டால் என்ன ஆகும்? பைத்தான் 3 இலக்கணப் பிழை என்று மறுத்துவிடும். பைத்தான் 2 அதை எட்டடிமான எண்ணாகப் படித்து 36 என்றது. கண்டிப்பு முறை இல்லாத ஜாவாஸ்கிரிப்டும் 36 என்றே சொல்லும். ஆர் மொழியில் அது 44. ஷெல் மாறியில் 044 அப்படியே நிற்கும். அதே ஷெல்லில் கூட்டல் கணக்குக்குள் போனால் பாஷ் அதையும் 36 ஆக்கும். மறுத்துவிட்ட பைத்தான் 3 நமக்கு நல்லது செய்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் தவறான விடையைத் தந்தன.

எனவே எந்தக் கட்டம் எண், எந்தக் கட்டம் எழுத்து என்ற விதியை ஒவ்வொரு மொழியையும் ஓட்டும் பகுதி தானே முடிவு செய்யக் கூடாது. ஒரே இடத்தில், ஒரே விதியாக, எல்லா மொழிக்கும் முன்னால் முடிவாக வேண்டும். பூச்சியத்தில் தொடங்கும் இலக்கத் தொடர் எழுத்து. காலியான கட்டம் எழுத்தா, இல்லாத மதிப்பா என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அட்டவணையின் கிடைக்கோடும் இதே வகைதான். மனிதனுக்கு அது தலைப்பு வரிசையைப் பிரிக்கும் கோடு. கணக்கிடும் நிரலுக்கு அது இன்னொரு வரிசையாகப் போய்ச் சேர்ந்தால் கூட்டல் உடையும். பேபல் இயல்பாக அதை நீக்கிவிட்டு அனுப்புகிறது, கேட்டால் மட்டும் வைத்திருக்கிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ‘நிலா’ என்ற சரத்தை மொழி மொழியாகக் கொடுத்து நீளம் கேளுங்கள். கண்ணுக்கு இரண்டு எழுத்து. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஆர் மொழியும் 4 என்கின்றன. இகரக் குறியையும் துணைக்காலையும் யூனிகோடில் தனிக் குறியீடுகளாக எண்ணுகின்றன. பைட்டாக எண்ணும் கருவி 12 என்கிறது. அட்டவணைக் கோடுகளை நேராக வைக்க நீங்கள் இவற்றில் எதை நம்பினாலும் தமிழ் வரிசைகள் கோணிக்கொண்டுதான் நிற்கும். திரையில் பிடிக்கும் அகலம் இந்த மூன்றில் எதுவும் இல்லை. ஆகவே கோடுகளின் நேர்வரிசையைக் கொண்டு அட்டவணையைப் படிக்காதீர்கள்; பிரிக்கும் குறியைக் கொண்டு மட்டும் படியுங்கள்.

பெயர்களிலும் இதே கவனம் தேவை. துண்டுக்கு ‘மழைப்பொழிவு’ என்று பெயர் வைக்கிறார் ஒருவர். ‘பொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே யூனிகோட் குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. இரண்டு விசைப்பலகையில் தட்டிய இரண்டு பெயர்கள் பொருந்தாமல், அப்படி ஒரு துண்டே இல்லை என்று கருவி சொல்லும். ஆசிரியர் மணிக்கணக்கில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு தேடுவார். பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடின் ஒரே சீர்வடிவத்துக்குக் கொண்டுவருவது சில வரி வேலைதான். முதல் பதிப்பிலேயே செய்துவிடுங்கள்.

செஷன் காத்திருக்கட்டும்

துண்டுகளுக்கிடையே மாறிகள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. பெரிய தரவை ஒருமுறை ஏற்றிவிட்டு, பத்துத் துண்டுகளில் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் முன்னால் சொன்ன சல்லடையில் இது தங்காது. செஷனுக்குள் என்ன இருக்கிறது என்பது கோப்பில் இல்லை. மூன்றாம் துண்டை ஓட்டி, முதல் துண்டைத் திருத்தி, மறுபடி மூன்றாவதை ஓட்டினால் வரும் விடையை மேலிருந்து கீழே படிப்பவர் எவராலும் மீட்டெடுக்க முடியாது.

இது கற்பனைப் பயம் அல்ல. ஜூபிட்டர் நோட்புக்குகள் செஷனையே அடிப்படையாகக் கொண்டவை. கிட்ஹப்பில் கிடைத்த சுமார் 14 லட்சம் நோட்புக்குகளை ஆராய்ந்து 2019-இல் ஒரு ஆய்வு வெளியானது. அவற்றில் மறுபடி ஓட்டிப் பார்க்க முடிந்தவற்றுள் சுமார் 24 சதவீதமே பிழையில்லாமல் ஓடின. பதிவாகியிருந்த அதே விடையைத் தந்தவை சுமார் 4 சதவீதம். விடுபட்ட நூலகங்களுக்கும் இதில் பங்கு உண்டு, ஓட்டிய வரிசை மறைந்துபோனதற்கும் பங்கு உண்டு.

செஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. பேபல் செய்ததுபோல, கேட்டால் மட்டும் கிடைக்கட்டும்; கேட்டது தலைவரியில் பெயரோடு எழுதப்பட்டிருக்கட்டும். அதோடு பேபல் செய்யாத ஒன்றையும் சேருங்கள்: செஷனில் ஓடிய துண்டுக்கு மேலே உள்ள ஏதேனும் துண்டு அதன்பிறகு திருத்தப்பட்டிருந்தால், கீழே உள்ள விடை பழையது என்று ஒரு குறி. இது கட்டக் கடினமானது அல்ல. இதனால் தவிர்க்கப்படும் தவறுகள் ஏராளம்.

நேரம் பிடிக்கும் வேலையைப் பின்னணியில் ஓட்டுவதும் செஷனோடு பிறப்பதுதான். விடை வரும்வரை கோப்பில் ஒரு தற்காலிக அடையாளத்தை எழுதி, வந்ததும் அதைத் தேடி மாற்றுவது ஆர்க் பின்பற்றும் முறை. பைத்தான் செஷனுக்கு இது 2021-இல் வந்த 9.5 பதிப்பில் சேர்ந்தது. பயனர் இடையில் அந்த அடையாளத்தை அழித்துவிட்டால் விடையை எங்கே வைப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை வந்த விடையை வைத்திருந்து மறுபடி பயன்படுத்தும் கேஷும் நல்ல வசதி, அளவாக இருந்தால். பேபல் துண்டின் நிரலையும் தலைவரிகளையும் சேர்த்து ஒரு ஹேஷ் கணக்கிட்டு, விடையின் அடையாள வரியிலேயே எழுதிவைக்கிறது. எதுவும் மாறவில்லை என்றால் மறுபடி ஓட்டுவதில்லை. ஹேஷ் கோப்பிலேயே இருப்பதால் நம் சல்லடையில் தங்கிவிடுகிறது. ஆனால் நிரல் படிக்கும் வெளிக் கோப்பு மாறினாலும், நூலகத்தின் பதிப்பு மாறினாலும் இந்த ஹேஷுக்குத் தெரியாது. எந்தெந்தக் கோப்புகளை நம்பியிருக்கிறது என்று தலைவரியில் எழுத ஓர் இடம் கொடுங்கள். அவற்றையும் ஹேஷில் சேருங்கள்.

ஓட்டலாமா என்று கேட்பது

இன்னொருவர் அனுப்பிய கட்டுரையைத் திறப்பது, அவர் நிரலை உங்கள் கணினியில் ஓட்டுவதற்குச் சம்மதம் ஆகாது. பேபல் இயல்பாக ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் கேட்கிறது. தொடக்கத்தில் ஈமாக்ஸ் லிஸ்ப் தவிர எந்த மொழியும் இயங்கும் நிலையில் இருப்பதில்லை. சரியான இயல்புநிலை அது. ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது முறை ‘ஆம்’ அழுத்தியவர் கேள்வியையே அணைத்துவிடுவார். அதனால் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற இரண்டு நிலையோடு நிறுத்தாமல், இந்தக் கோப்புறை என்னுடையது, இந்த மொழியால் தீங்கு வராது என்று பிரித்துச் சொல்ல வழி இருக்க வேண்டும். பேபலில் மொழியையும் நிரலையும் பார்த்து முடிவெடுக்கும் ஒரு ஃபங்ஷனை அந்த இடத்தில் வைக்க முடியும்.

கேள்வி கேட்கும் வாசலை மட்டும் காவல் காத்தால் போதாது. பேபலில் லாடெக் துண்டுகளை ஓட்டும் பகுதியில் கோப்பின் பெயர் ஷெல் கட்டளைக்குள் அப்படியே ஒட்டப்பட்டது. பெயரில் ஷெல்லின் சிறப்புக் குறிகள் இருந்தால் வேறு கட்டளை ஓடிவிடும் என்று 2023-இல் பாதுகாப்பு அறிவிப்பு வந்தது. 2024 மார்ச்சில் வந்த ஈமாக்ஸ் 29.3, ஜூனில் வந்த 29.4 இரண்டுமே அவசரத் திருத்தங்கள். ஆர்க் கோப்பைத் திறந்த மாத்திரத்தில், எந்தத் துண்டையும் ஓட்டாமலே, கட்டளைகள் இயங்கக்கூடிய வழிகளை அவை அடைத்தன. கோப்பைப் படிப்பது, ஏற்றுமதி செய்வது, முன்னோட்டம் காட்டுவது ஒவ்வொன்றிலும் எதுவெல்லாம் ஓடும் என்று ஒரு பக்கம் எழுதிவையுங்கள். ஏற்றுமதியை மறந்துவிடாதீர்கள்: பிடிஎஃப் எடுக்கும் நேரத்தில் பேபல் துண்டுகளை மறுபடி ஓட்டக்கூடும், வேண்டாம் என்றால் தலைவரியில் சொல்ல வேண்டும்.

துண்டுகளைப் பிரித்தெடுத்து நிரல் கோப்புகளாக எழுதும் டேங்கிள், வேறு கணினியில் ஓட்டுவது, படத்தைக் கோப்பாகச் சேமிப்பது எல்லாம் பயனுள்ளவை. அடிப்படை சரியாக இருந்தால் தாமாக அமைந்துவிடும். டேங்கிளில் மட்டும் ஒரு வேண்டுகோள். பிரித்தெடுத்த கோப்பில் பிழைச் செய்தி வந்தால் மூல ஆவணத்தின் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று தெரிய வேண்டும். பேபல் கேட்டால் அந்த இணைப்பைக் குறிப்புரையாக எழுதித் தருகிறது. உங்கள் கருவியில் அது கேட்காமலே வரட்டும்.

இனி மொழிகள்

பேபலில் ஒரு மொழிக்கு ஒரு சிறிய கோப்பு. மாறிகளை எப்படி எழுதுவது, நிரலை எப்படி ஓட்டுவது, செஷனை எப்படித் தொடங்குவது ஆகிய சில ஃபங்ஷன்களே அதில் இருக்கும். புதியவர்கள் நிரப்பிக்கொள்ள ஒரு மாதிரிக் கோப்பும் உண்டு. அதனால் மொழிகள் வேகமாகப் பெருகின. பெருகியவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் பெருகவில்லை. பராமரிப்பவர் இல்லாத பல மொழிக் கோப்புகள் பின்னாளில் ஆர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித் தொகுப்புக்குப் போயின. ஷெல், பைத்தான், இன்னும் ஒன்று என மூன்று மொழிகளோடு வெளியிடுங்கள். நான்காவது முதல் எந்த மொழியையும், பராமரிப்பவர் யார் என்ற பெயர் இல்லாமல் சேர்க்காதீர்கள்.

சேர்க்கும் முன் ஒவ்வொரு மொழியையும் ஒரே சோதனை ஆவணத்தில் ஓட்டிப் பாருங்கள். அதில் 044 இருக்கட்டும், காலிக் கட்டம் இருக்கட்டும், மேற்கோள்குறி உள்ள சரமும் ‘நிலா’வும் நட்சத்திரத்தில் தொடங்கும் வரியும் இருக்கட்டும். எல்லாச் செஷன்களையும் மூடி, கேஷை அழித்து, மேலிருந்து கீழே ஓட்டி, பழைய விடைக்கும் புதிய விடைக்கும் உள்ள வேறுபாட்டை வரி வரியாகக் காட்டும் ஒரு கட்டளை இதற்குத் தேவைப்படும். அந்தக் கட்டளையைச் சோதனைக்கென்று உள்ளே ஒளித்துவைக்காமல் பயனருக்கும் கொடுத்துவிடுங்கள். கட்டுரையை வெளியே அனுப்பும் முன் அவர் அழுத்த வேண்டிய விசை அதுதான்.